குதிரைக்குத் தெரியாத தூரம்

பந்தயத்தில் ஓடுவது குதிரை. எந்த இடத்தில் எவ்வளவு வேகம் என்று கணக்குப் போடுவது அதன் முதுகில் இருக்கும் ஜாக்கி. அந்தக் கணக்குக்குள் இயற்பியலும் உயிரியலும் எப்படி ஒளிந்திருக்கின்றன?

1967, 1968 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவில் இரண்டு பந்தயக் குதிரைகள் நான்கு முறை மோதின. ஒன்றின் பெயர் டாக்டர் ஃபேகர்; மற்றொன்று டமாஸ்கஸ். முடிவு இரண்டுக்கு இரண்டு. சமநிலைதானே, இதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். வெற்றிகள் எப்படிப் பிரிந்தன என்று பாருங்கள்.

டாக்டர் ஃபேகர் வென்ற இரண்டு பந்தயங்களிலும் ஹெடெவர் என்ற குதிரை ஓடவில்லை. டமாஸ்கஸ் வென்ற இரண்டு பந்தயங்களிலும் ஹெடெவர் ஓடியது. ஹெடெவர் எதிலும் வெல்லவில்லை. வெல்வதற்காக அதை இறக்கவும் இல்லை. பிறகு எப்படி அது முடிவை மாற்றியது?

இந்தப் புதிருக்கு விடை காண, குதிரையின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

உடலுக்குள் ஒரு பணப்பை

பள்ளி விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். தொடக்கத்திலேயே ஒருவர் அம்பாகப் பாய்வார். முதல் சுற்று முழுவதும் கைதட்டல் அவருக்குத்தான். இரண்டாம் சுற்றின் பாதியில் அவருடைய கால்கள் கனக்கத் தொடங்கும். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போவார்கள்.

தசைகள் இரண்டு வழிகளில் ஆற்றலைப் பெறுகின்றன. ஒன்று, உயிர்வளியைப் பயன்படுத்தும் வழி. இது நீண்ட நேரம் தாங்கும். ஆனால் ஒரு நொடிக்கு இவ்வளவுதான் தர முடியும் என்ற எல்லை உண்டு. மற்றொன்று, உயிர்வளி இல்லாமல் ஆற்றலைப் பெறும் வழி. இது உடனே கிடைக்கும். ஆனால் விரைவில் தீர்ந்துவிடும். இவ்வழியை அதிகம் பயன்படுத்தினால் தசைக்குள் அமிலத்தன்மை கூடி, தசை சுருங்கி விரியும் திறன் குறைகிறது. முதல் வழி மாதச் சம்பளம் போன்றது. இரண்டாவது, பணப்பையில் இருக்கும் கையிருப்பு.

குதிரைக்குச் சம்பளமும் அதிகம், கையிருப்பும் அதிகம். ஓய்வில் நிமிடத்திற்கு 30 முதல் 40 முறை துடிக்கும் அதன் இதயம், பந்தயத்தின்போது 220 முறைக்கு மேல் துடிக்கிறது. அதன் மண்ணீரல் சிவப்பணுக்களைச் சேமித்து வைத்திருந்து, ஓடத் தொடங்கியதும் இரத்தத்தில் கொட்டுகிறது. இதனால் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு சுமார் 40 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காட்டுக்கு மேல் உயர்கிறது. ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள உடல், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாய்வது இப்படித்தான்.

ஆனால் குதிரையிடம் இல்லாத ஒன்று உண்டு. இன்று ஓட வேண்டியது 1,200 மீட்டரா, 2,400 மீட்டரா என்பது அதற்குத் தெரியாது. முடிவுக்கோடு எங்கே இருக்கிறது என்று யாரும் அதற்குச் சொல்ல முடியாது. மந்தையாக வாழும் விலங்கு என்பதால், பக்கத்தில் இன்னொரு குதிரை முந்தினால் தானும் முந்தப் பார்க்கும். கையிருப்பு முழுவதையும் தொடக்கத்திலேயே செலவழித்துவிடவும் அது தயங்காது. தூரம் தெரிந்தவர் ஜாக்கி ஒருவரே. பணப்பை குதிரையுடையது, அதன் வாயைப் பிடித்திருக்கும் கை அவருடையது.

சீரான வேகத்தின் கணக்கு

தொடக்கத்தில் வேகமாக ஓடிவிட்டு, பிறகு மெதுவாக ஓடினால் கணக்குச் சரியாகிவிடாதா? சரியாகாது. ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

1,000 மீட்டர் பந்தயம். ‘அ’ என்ற குதிரை முதல் 500 மீட்டரை நொடிக்கு 18 மீட்டர் வேகத்திலும், அடுத்த 500 மீட்டரைக் களைத்துப்போய் நொடிக்கு 14 மீட்டர் வேகத்திலும் ஓடுகிறது. முதல் பாதிக்கு 27.8 நொடி, இரண்டாம் பாதிக்கு 35.7 நொடி. மொத்தம் 63.5 நொடி.

‘ஆ’ என்ற குதிரை முழுத் தூரத்தையும் நொடிக்கு 16 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதற்கு ஆகும் நேரம் 62.5 நொடி.

18க்கும் 14க்கும் நடுவில் இருப்பது 16தான். இருந்தும் ‘ஆ’ ஒரு நொடி முன்னதாக முடிக்கிறது. காரணம், மெதுவாக ஓடும் பகுதியில் ‘அ’ அதிக நேரம் செலவிடுகிறது. வேகமான பாதியில் மிச்சம் பிடித்த நேரத்தைவிட, மெதுவான பாதியில் இழந்த நேரம் கூடுதல். ஒரு நொடி என்பது இந்த வேகத்தில் 16 மீட்டர். ஒரு குதிரையின் நீளம் சுமார் 2.4 மீட்டர் என்று கொண்டால், ஆறு குதிரை நீளத்திற்கும் மேல். மூக்கு நுனி வித்தியாசத்தில் முடிவாகும் பந்தயங்களில் இது மிகப் பெரிய இடைவெளி.

உண்மையான பந்தயத்தில் எந்தக் குதிரையும் கணக்குப் புத்தகத்தில் வருவதுபோல் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆனாலும் ஏற்ற இறக்கம் கூடக் கூட நேரம் வீணாகும் என்ற விதி மாறாது.

காற்றும் வளைவும்

ஜாக்கி நினைக்க வேண்டியது வேகத்தை மட்டுமல்ல, இடத்தையும்தான்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் 20 விழுக்காடு கூடினால், எதிர்ப்பு 44 விழுக்காடு கூடும். முன்னால் ஓடும் குதிரை இந்தக் காற்றைத் தனியாகப் பிளக்கிறது. பின்னால் ஒட்டி ஓடும் குதிரைக்குச் சுமை குறைகிறது. சைக்கிள் பந்தய வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓட்டுவதும் இதனால்தான்.

லண்டனின் அரச கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 3,357 பந்தயங்களில் ஓடிய 44,803 குதிரைகளின் இடத்தையும் வேகத்தையும், வானொலி அலைக் கருவி கொண்டு நொடிக்கு ஒருமுறை பதிவு செய்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வு, மற்றக் குதிரைகளின் மறைவில் ஓடுவது பந்தய முடிவைத் தெளிவாக மாற்றுகிறது என்று காட்டியது. பந்தயத்தின் முக்கால் பங்கை மறைவில் ஓடும் குதிரை, மூன்று நான்கு இடங்கள் முன்னேறி முடிக்கக்கூடும்.

அப்படியானால் எல்லாரும் பின்னாலேயே ஓடலாமே? அதற்கும் விலை உண்டு. மண் தடத்தில் முன்னால் ஓடும் குதிரைகளின் குளம்புகள் மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். அதற்காகவே ஜாக்கிகள் பல கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, அழுக்கானதைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டே ஓட்டுவார்கள். கூட்டத்திற்குள் அடைபட்டால், வேகம் இருந்தும் வெளியேற வழி கிடைக்காது. வழி தேடி வெளிப்புறமாகச் சுற்றினால் தூரம் கூடிவிடும்.

எவ்வளவு கூடும்? வளைவு ஓர் அரைவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்வேலியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடினால், கூடுதல் தூரம் π × 1, அதாவது 3.14 மீட்டர். இரண்டு மீட்டர் தள்ளி ஓடினால் 6.28 மீட்டர். இதில் ஒரு விந்தை உண்டு. வளைவு பெரியதோ சிறியதோ, இந்தக் கூடுதல் தூரம் மாறாது. அரைவட்டத்தின் நீளம் πr. r-க்குப் பதிலாக r + 2 என்று போட்டுப் பாருங்கள், விளங்கிவிடும். ஒரே வளைவில் இரண்டரைக் குதிரை நீளத்தை இழப்பதா, உள்ளே அடைபடும் ஆபத்தை ஏற்பதா என்பதை ஜாக்கி ஓரிரு நொடியில் முடிவு செய்ய வேண்டும்.

தலைக்குள் ஒரு கடிகாரம்

பந்தயத்தின் நடுவில் ஜாக்கி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேகத்தை உடலால் உணர வேண்டும். காற்று முகத்தில் மோதும் விதம், குளம்பொலியின் தாளம், கடிவாளத்தைக் குதிரை இழுக்கும் வலு ஆகியவைதான் அவருடைய அளவுகோல்கள். முழுப் பாய்ச்சலில் குதிரை ஓர் எட்டுக்கு ஒரு மூச்சு விடும். அந்த மூச்சின் ஒலிகூட ஒரு செய்தி.

இந்தத் திறன் காலைப் பயிற்சியில்தான் வளர்கிறது. ஒரு ஃபர்லாங், அதாவது சுமார் 201 மீட்டர் தூரத்தை 15 நொடியில் ஓட்டு என்று பயிற்றுநர் சொல்வார். ஓட்டியவர் 14 நொடி எடுத்தாரா, 16 எடுத்தாரா என்று தடத்தின் ஓரத்தில் நிறுத்து கடிகாரம் சொல்லிவிடும். இப்படி ஆயிரக்கணக்கான முறை ஓட்டினால் கடிகாரம் தலைக்குள் குடியேறிவிடும். சிங்கப்பூரின் கிராஞ்சித் திடலிலும் குதிரைகள் இப்படித்தான் விடியலில் பயிற்சி செய்தன. அங்கே கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்தது.

அந்தக் கடிகாரத்தின் மதிப்பை 1978ஆம் ஆண்டின் பெல்மண்ட் ஸ்டேக்ஸ் பந்தயம் காட்டியது. தூரம் ஒன்றரை மைல், ஏறக்குறைய 2,400 மீட்டர். அஃபர்ம்ட் என்ற குதிரையை ஓட்டியவர் ஸ்டீவ் கொத்தன். அப்போது அவருக்கு வயது 18தான். அவர் முன்னிலைக்குப் போனார்; ஆனால் வேகத்தைக் கூட்டவில்லை. முதல் அரை மைலுக்கு 50 நொடி எடுத்துக்கொண்டார். ஐந்தாண்டுகளுக்கு முன் அதே பந்தயத்தில் அதே தூரத்தை முன்னணிக் குதிரை 46.2 நொடியில் கடந்திருந்தது. முன்னால் இருந்துகொண்டே கொத்தன் கையிருப்பைக் காத்தார்.

பின்னால் வருபவர்களுக்கு இது இக்கட்டு. முன்னணிக் குதிரை மெதுவாக ஓடுகிறது என்று தெரிகிறது. ஆனால் யார் போய்த் துரத்துவது? துரத்துபவர் தம் கையிருப்பைச் செலவழிக்க வேண்டும். அதன் பலனைச் சும்மா இருந்தவர்கள் அனுபவிப்பார்கள். குழுவேலையில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களே, அதே நிலைதான். அலிடார் என்ற குதிரையின் ஜாக்கி, காத்திருந்தால் தோல்வி என்று உணர்ந்து முன்கூட்டியே போய்ப் பக்கத்தில் சேர்ந்தார். இரண்டும் தோளோடு தோளாக நெடுந்தூரம் ஓடின. முடிவில் அஃபர்ம்ட் ஒரு தலை அளவில் வென்றது. தொடக்கத்தில் சேமித்த சில நொடிகள்தான் அந்தத் தலை.

ஒரே குதிரை, இரண்டு கணக்குகள்

அப்படியானால் மெதுவாகத் தொடங்குவதே சிறந்த உத்தியா? செக்ரட்டேரியட் என்ற குதிரை இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொன்னது.

1973 மே மாதம் நடந்த கென்டக்கி டெர்பி பந்தயத்தின் தூரம் ஒன்றேகால் மைல். செக்ரட்டேரியட் ஒவ்வொரு கால் மைலுக்கும் எடுத்துக்கொண்ட நேரம் இதுதான்: 25.2, 24.0, 23.8, 23.4, 23.0 நொடி. ஒவ்வொரு பகுதியும் முந்தியதைவிட வேகம். ஜாக்கி ரான் டர்காட் அதை அவசரப்படுத்தாமல் பின்னாலிருந்து மெல்ல மெல்ல முன்னேற விட்டார்.

ஐந்து வாரம் கழித்து பெல்மண்ட் ஸ்டேக்ஸ். அதே குதிரை, அதே ஜாக்கி. இம்முறை கால் மைல் நேரங்கள்: 23.6, 22.6, 23.6, 24.4, 24.8, 25.0. தொடக்கத்தில் மின்னல் வேகம். பிறகு சிறிது சிறிதாகக் குறைவு. டெர்பியில் இரண்டாவதாக வந்த ஷாம் என்ற குதிரை இம்முறை தொடக்கத்திலிருந்தே செக்ரட்டேரியட்டோடு மல்லுக்கு நின்றது. அரை மைல் தாண்டியதும் ஷாமின் பணப்பை காலியாகிவிட்டது. ஐந்து குதிரைகள் ஓடிய பந்தயத்தில் அது கடைசியாக வந்தது. அதன்பின் அது எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. செக்ரட்டேரியட் 31 குதிரை நீள வித்தியாசத்தில், 2 நிமிடம் 24 நொடியில் வென்றது. அந்த இரண்டு பந்தயங்களிலும் அது படைத்த சாதனை நேரங்கள் அரை நூற்றாண்டு கடந்தும் முறியடிக்கப்படவில்லை.

ஆக, எல்லாக் குதிரைக்கும் எல்லா நாளுக்கும் பொருந்தும் ஒரே வேகத் திட்டம் இல்லை. எந்தக் குதிரை, எவ்வளவு தூரம், பக்கத்தில் யார் என்பதைப் பொறுத்துத் திட்டம் மாறும்.

முன்னவர்கள் செலவில் ஒரு வெற்றி

2022 கென்டக்கி டெர்பியில் 20 குதிரைகள் ஓடின. முதல் கால் மைலை முன்னணிக் குதிரை 21.78 நொடியில் கடந்தது. அந்தப் பந்தயத்தின் நீண்ட வரலாற்றில் அவ்வளவு வேகமான தொடக்கம் அதற்குமுன் இருந்ததில்லை. அந்த வேகத்தைத் தொடங்கி வைத்த சம்மர் இஸ் டுமாரோ என்ற குதிரை இருபதாவதாக, அதாவது கடைசியாக முடித்தது.

யாரும் எதிர்பார்க்காத ரிச் ஸ்ட்ரைக் என்ற குதிரை வென்றது. வேறொரு குதிரை விலகிக்கொண்டதால் முந்திய நாள்தான் அதற்கு இடமே கிடைத்தது. ஜாக்கி சோனி லியோன் தடத்தின் ஆக வெளிப்புறத்தில் தொடங்கினார். அங்கேயே ஓடாமல், பின்னால் விழுந்து உள்வேலியை நோக்கி வந்தார். முன்னே நடந்த வேகச் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. கடைசி நேரத்தில், களைத்த குதிரைகளுக்கு இடையே வழி கண்டுபிடித்து முன்னேறினார். பார்த்தவர்களுக்கு ரிச் ஸ்ட்ரைக் திடீரென்று பறந்ததுபோல் தோன்றியது. உண்மையில் மற்றவை மெதுவாகிவிட்டன. அது தன் வேகத்தைக் காத்துக்கொண்டது.

முதுகில் ஒரு சுருள்வில்

ஜாக்கியின் திறன் முடிவெடுப்பதோடு நிற்பதில்லை. அவர் உட்காரும் விதமே நேரத்தை மாற்றுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜாக்கிகள் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார்கள். அந்நூற்றாண்டின் இறுதியில், குட்டையான அங்கவடியில் பாதங்களை ஊன்றி, முதுகை வளைத்துக் குந்தியபடி ஓட்டும் முறை பரவியது. அமெரிக்க ஜாக்கி டாட் ஸ்லோன் இதை 1897இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அக்காலத்தில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 விழுக்காடு குறைந்தன.

காற்றின் எதிர்ப்பு குறைந்தது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை 2009இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. பாயும் குதிரையின் உடல் ஒவ்வோர் எட்டிலும் மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆடுகிறது. குந்தியிருக்கும் ஜாக்கியின் கால்கள் சுருள்வில்போல் மடங்கி விரிந்து அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்கின்றன. குதிரை அவருடைய எடையைத் தாங்குகிறது. ஆனால் ஒவ்வோர் எட்டிலும் அவரைத் தூக்கிப் போட்டு இழுக்க வேண்டியதில்லை. அந்த உழைப்பை ஜாக்கியின் தொடைத் தசைகள் ஏற்றுக்கொள்கின்றன.

சாட்டை எதைத் தரும்?

பணப்பை காலியான பிறகு சாட்டையால் அடித்தால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியப் பந்தயங்களை வைத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பார்த்தது. முடிவுக்கோட்டுக்கு 600 முதல் 400 மீட்டர் இருக்கும் பகுதியில், சாட்டை படாமல், குதிரைகள் மிக வேகமாக ஓடின. சாட்டை பயன்பட்ட கடைசி 400 மீட்டரில் அவற்றின் வேகம் குறைந்துகொண்டே போனது. அடி அவற்றை வேகமாக ஓட வைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. களைத்த உடலில் இல்லாத ஆற்றலை வலி கொண்டுவராது. களைத்த குதிரை தடுமாறிக் காயப்படும் அபாயமும் உண்டு. பல நாடுகள் சாட்டை அடிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்திருக்கின்றன.

குதிரையால் “போதும்” என்று சொல்ல முடியாது. மூச்சிலும் எட்டிலும் அது காட்டும் களைப்பைப் படித்து, இன்று முடியாது என்று விட்டுக்கொடுப்பதும் ஜாக்கியின் திறன்களில் ஒன்று.

புதிருக்கு வருவோம்

இப்போது ஹெடெவரின் வேலை புரிந்திருக்கும். ஹெடெவரும் டமாஸ்கஸும் ஒரே தரப்புக் குதிரைகள். டாக்டர் ஃபேகர் கட்டுக்கு அடங்காத குணம் கொண்டது. பக்கத்தில் ஒரு குதிரை முந்தினால், கடிவாளத்தை எதிர்த்துக்கொண்டு பாயும். ஹெடெவரைத் தொடக்கத்திலேயே முழு வேகத்தில் விட்டார்கள். டாக்டர் ஃபேகர் அதைத் துரத்திக் கையிருப்பைக் கரைத்தது. பின்னால் நிதானமாக வந்த டமாஸ்கஸ் முடிவில் முந்தியது. இப்படி வேகத்தைக் கூட்டவே இறக்கப்படும் குதிரையைப் பந்தய உலகில் ‘முயல்’ என்பார்கள்.

1968 ஜூலை மாதம் இரண்டும் ஒரே திடலில், ஒரே தூரத்தில், 16 நாள் இடைவெளியில் மோதின. முயல் இல்லாதபோது டாக்டர் ஃபேகர் வென்றது. முயல் வந்தபோது டமாஸ்கஸ் வென்றது.

ஆனால் அறிவியல் மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மாறியது முயல் மட்டும்தானா? இல்லை. அந்தப் பந்தயங்களில் திறமையான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுவார்கள். இரண்டாம் முறை டாக்டர் ஃபேகர் சுமந்த எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கூடியது; டமாஸ்கஸ் சுமந்தது அதே அளவு குறைந்தது. இரண்டு மாறிகள் ஒன்றாக மாறிவிட்டன. நான்கே பந்தயங்கள் என்பதும் மிகச் சிறிய எண்ணிக்கை. முயலின் பங்கு பெரிது என்று நம்பக் காரணம் உண்டு. முழுக் காரணமும் அதுவே என்று சொல்ல முடியாது. ஒரு மாதம் கழித்து டாக்டர் ஃபேகர் ஒரு மைலை 1 நிமிடம் 32.2 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தது. அதன் கால்களில் குறை இருந்ததில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

அடுத்த விளையாட்டுப் போட்டியில் நிறுத்து கடிகாரத்தோடு 800 மீட்டர் ஓட்டத்தைக் கவனியுங்கள். ஒவ்வோர் ஓட்டக்காரரும் ஒவ்வொரு 200 மீட்டருக்கும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறித்து, வேகத்திற்கும் தூரத்திற்கும் வரைபடம் வரையுங்கள். முதலாவதாக வந்தவரின் கோடு எப்படி இருக்கிறது? முதல் சுற்றில் கைதட்டல் வாங்கியவரின் கோடு எப்படி இருக்கிறது? ஓட்டக்காரர்களில் யாராவது, தெரிந்தோ தெரியாமலோ, மற்றவருக்கு முயலாக ஓடினார்களா என்றும் பாருங்கள்.